கதையில் இல்லாத பச்சைத் துணி

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. அவரை எடுத்துக்கொண்டு போன அன்று வாசலில் நின்று, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று உன்னிடம் சொன்னவள் நான்தான். சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அதனால் நலமா என்று கேட்டுத் தொடங்க வாய் வரவில்லை.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உள்ளே ஒரு ஆஸ்திரேலிய நாவல். எங்கள் பதிப்பகம் தமிழில் கொண்டுவருகிறது. அட்டை இல்லை, தலைப்பும் இன்னும் முடிவாகவில்லை. நான் மெய்ப்பு பார்த்த தாள்களையே நூல் போட்டுத் தைத்து அனுப்புகிறேன். நாவல் முழுக்க ஒரு கொலையும் ஒரு போலீஸ்காரனும். "போலீஸ் சமாச்சாரம் சரியா வந்திருக்கான்னு தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா தேவலை" என்றார் பதிப்பாளர். காவல் நிலையத்தில் இருபது வருஷமாக எழுத்தர் வேலை பார்க்கிற ஆள் எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய், என்ன செய்ய.

நம் பழைய விளையாட்டை மறந்திருக்க மாட்டாய். நூலகத்திலிருந்து துப்பறியும் கதை எடுத்து வந்தால் முதலில் படிப்பவர் குற்றவாளி யார் என்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, கடைசித் தாளில் பசை போட்டு ஒட்ட வேண்டும். அடுத்தவரும் படித்துவிட்டுத் தன் சீட்டை ஒட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகத்தான் பிரிக்க வேண்டும். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். என் சீட்டை ஒட்டிவிட்டேன். அவசரப்பட்டுப் பிரித்துவிடாதே.

அப்பாவை எடுத்த அன்றைக்கு வாசலில் நான் கேட்ட கேள்விக்கு, "இன்னைக்கு அதுவா பேச்சு?" என்றாய். இன்றைக்குக் கேட்கலாம் அல்லவா? ஏழு வருஷத்துக்கு முன்னால் சலவைக்கூடத்தில் துணி பிழியும் டிரம் என் வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டு போய் அவரைக் கொன்றது. 'இறந்தவரிடம் மது வாடை இருந்தது' என்று அறிக்கையில் இருக்கிறது. கையெழுத்து உன்னுடையது. அவர் ஒரு சொட்டு குடித்து நான் பார்த்ததில்லை. யார் சொல்லி எழுதினாய்?

போன் வேண்டாம். போனில் நீ இருமியே நேரத்தை ஓட்டிவிடுவாய். எழுத்தில் எழுது.

வேறு விசேஷம் இல்லை. வாசல் கேட் இன்னும் காற்றுக்கு அடித்துக்கொண்டுதான் கிடக்கிறது.

தங்கை


பிப்ரவரி 21

தங்கச்சிக்கு,

பார்சல் 16ஆம் தேதி காலை 10.15க்குக் கிடைத்தது. சேதம் இல்லை.

நீ சும்மா ஒரு புத்தகத்தை அனுப்புகிறவளா? ஆறு மாதம் என் குரலைக் கேட்டதும் போனை வைத்தவள், திடீரென்று பதிப்பாளர் சொன்னார் என்று கதை விடுகிறாய். சும்மா கிடந்த சங்கை எதற்கு ஊதுகிறாய் என்று யோசித்துக்கொண்டே அறுபது பக்கம் படித்தேன்.

ஊரா அது? பதினொரு மாதமாக மழை இல்லை. எங்கே பார்த்தாலும் ஈ. தகரக் கூரை, செத்த ஆடு, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அந்தப் போலீஸ்காரன் எந்த ஊர்ப் போலீஸ்? வண்டி ஓட்டிக்கொண்டே பீர் குடிக்கிறான். வலிக்கிற பல்லைப் பிடுங்கிக்கொள்ளக்கூடத் துப்பில்லை. ஆட்டுப் பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் மேஸ்திரி செத்துக் கிடக்கிறான். இவன் நோட்டில் நேரத்தைக்கூடக் குறிக்கவில்லை. என்னிடம் வேலை பார்த்தால் ஒரே நாளில் ஓடிவிடுவான். உன் பதிப்பாளரிடம் சொல், போலீஸ் சமாச்சாரம் சுத்தமாகச் சரியில்லை.

இன்னொன்று. கொன்றவன் லாரிக்காரன்தான் என்று அறுபதாம் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டான் ஆசிரியன். மிச்சம் முன்னூறு பக்கம் எதற்கு? உன் சீட்டுதான் எதற்கு? யார் என்று தெரிந்த பிறகு சீட்டு ஒட்டுகிற விளையாட்டு எந்த ஊர் விளையாட்டு?

உன் கேள்விக்கு வருகிறேன். நான் எழுத்தர். மேலே உள்ளவர் சொல்வார், நான் எழுதுவேன். சம்பவ இடத்தைப் பார்த்தவர் இன்ஸ்பெக்டர். நான் அன்றைக்கு ஸ்டேஷனை விட்டு நகரவே இல்லை. அவர் சொன்னதை எழுதினேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். விடு.

பாப்பா எப்படி இருக்கிறாள்?

அண்ணன்


மார்ச் 3

அண்ணனுக்கு,

மிச்சம் முன்னூறு பக்கம் எதற்கு என்று கேட்டாயே, அந்த முன்னூறு பக்கத்துக்காகத்தான் நான் அந்த நாவலை நாலு தடவை படித்தேன். முதல் தடவை சம்பளத்துக்கு. மற்ற மூன்றும் சும்மா.

நாம் சின்ன வயதில் படித்த கதைகளில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, "நீதான்!" என்று கை நீட்டுவார்கள். கொலைகாரன் அதுவரை மனுஷனாகவே இருக்க மாட்டான், வெறும் விடையாகத்தான் இருப்பான். இதில் லாரிக்காரன் கொன்றவன் என்று தெரிந்த பிறகுதான் அவனைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறோம். செத்துப்போன பெண்டாட்டியின் செருப்பை வாசலிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறான். கிழட்டு நாய்க்கு ரொட்டியை மென்று கொடுக்கிறான். சின்ன வயதில் வெள்ளத்தில் போன போலீஸ்காரனை முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவனும் அவன்தான். போலீஸ்காரனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் போய் அவனோடு டீ குடிக்கிறான். அந்த டீயைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வாயில் கெட்ட வார்த்தை, சட்டையில் புழுதி, ஆனாலும் ஒருத்தனையும் வெறுக்க முடியவில்லை. நல்லவன், கெட்டவன் என்று கோடு கிழித்துக் கொடுக்காத கதை இது. எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கும் பிடிக்கும், ஒத்துக்கொள்ள மாட்டாய்.

அந்தப் போலீஸ்காரனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம்தான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

பாப்பாவைக் கேட்டிருந்தாய். ஜூன் 11ஆம் தேதி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அன்றைக்கே போய்த் தன் இனிஷியலை மாற்றப் போகிறாளாம். அப்பா பெயரின் எழுத்து வேண்டாம், என் பெயரின் எழுத்து போதும் என்கிறாள். "குடிச்சுட்டு மெஷின்ல கைய விட்ட ஆளு பேரு எதுக்கும்மா எனக்கு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. நான் திருப்பி வைப்பேன், மறுநாள் மறுபடி சுவரைப் பார்த்திருக்கும். அவரைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றாகிவிட்டது. ஜூனுக்குள் எனக்கு உண்மை வேண்டும். அதுதான் விஷயம், சுற்றி வளைக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். வாசல் கேட் அடித்துக்கொண்டு கிடக்கிறது என்று எழுதினேன். பார்சல் வந்த நேரத்தைக்கூட நிமிஷக் கணக்கில் எழுதுகிறவன், கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

தங்கை


மார்ச் 20

தங்கச்சிக்கு,

கேட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆள் வைத்துச் சரிசெய். இதற்கெல்லாம் உள்ளர்த்தம் தேடினால் நான் கடிதத்தை வக்கீலிடம் காட்டித்தான் அனுப்ப வேண்டும்.

பாப்பாவைப் பற்றி எழுதியது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சின்னப் பிள்ளை. புரிந்துகொள்வாள்.

நாவல் இருநூற்று இருபதாம் பக்கம் வந்துவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன், சனியன் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். இங்கே ஒண்டிக்கட்டைக்குக் கேட்க ஆள் இல்லை. நேற்று டீக்கடையில் என் நண்பர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். 'இவன் எதையாவது மறைக்கிறானோ' என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னய்யா, மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டார். அப்படி ஆக்கிவிட்டது உன் நாவல்.

பல்வலிக்காரனைப் பற்றி முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் துப்புக்கெட்டவன் இல்லை. அவனுக்கு அந்த வலி வேண்டியிருக்கிறது. எவனாவது முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டால், பல்லைக் காட்டித் தப்பிக்கலாம் அல்லவா? அதை எழுதியவனுக்கு மனுஷர்களைத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் ஆசிரியன் கோட்டை விட்டிருக்கிறான். மேஸ்திரி குடிபோதையில் தொட்டியில் விழுந்தான் என்றுதானே ஊர் நம்புகிறது? நம்புமா? காலையிலேயே குடித்தவன் சாப்பாட்டுப் பெட்டியை அப்படி வைப்பானா? தலைக்கு மேலே பலகையில், பச்சைத் துணியில் சுற்றி, ரெட்டை முடிச்சுகூட அவிழாமல், கை படாமல் இருக்கிறது. அதைப் பார்த்த எந்தப் போலீஸ்காரனுக்கும் அவன் நிதானமாக இருந்தான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இந்தப் பல்வலிக்காரன் அதைப் பார்த்தும் எழுதாமல் விடுகிறான். அதற்கு ஆசிரியன் இன்னும் அழுத்தமாகக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். இதைப் பதிப்பாளரிடம் சொல்.

மிச்சத்தையும் படித்துவிட்டு எழுதுகிறேன். உன் சீட்டு கடைசித் தாளில் புடைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது.

அண்ணன்


மார்ச் 26

அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு திருத்தம்.

நாவலில் மேஸ்திரியின் சாப்பாடு ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி ஏணிப் படியில் இருக்கிறது. பக்கம் 48, மேலிருந்து ஒன்பதாவது வரி. அதில் பலகை இல்லை. முடிச்சு இல்லை. துணியே இல்லை. நாலு தடவை மெய்ப்பு பார்த்தவள் சொல்கிறேன், அந்த நாவல் முழுக்கப் பச்சை நிறத்தில் ஒரு துணியும் கிடையாது.

பச்சைத் துணி என் வீட்டில் இருந்தது. வழக்கமாக அவர் சாப்பாட்டுப் பெட்டியை வெள்ளைத் துண்டில் கட்டிக் கொடுப்பேன். அன்றைக்கு அது காயவில்லை. கிழிந்துபோன ஜன்னல் திரையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். பெட்டியின் மூடி லொடலொடவென்று இருக்கும், அதனால் ரெட்டை முடிச்சு. அந்த ஒரு நாள்தான் பச்சைத் துணி. அது என் கையிலிருந்து அவர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. உங்கள் அறிக்கையிலும் இல்லை. 'உடைமைகள்: எதுவும் இல்லை' என்று அழகான எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாங்கள்தான் அன்றைக்கு ஸ்டேஷனை விட்டு நகரவே இல்லையே?

பலகை தலைக்கு மேலே இருந்தது என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு?

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

'நீங்கள்' என்று எழுதாதே. அதற்கு நாலு அறை அறையலாம்.

இன்ஸ்பெக்டர் வந்து சொல்லியிருப்பார், அது மனசில் தங்கியிருக்கும். ஏழு வருஷம் ஆச்சு, எதை யார் சொன்னார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கதையும் நிஜமும் கலந்துவிட்டது. வயசாகிறது.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணன் அவர்களுக்கு,

வயசாகிறதா? நாலாம் வகுப்பில் உங்கள் பென்சிலை எடுத்தவன் பெயரை இன்னும் வைத்துத் திட்டுகிற ஆள் நீங்கள்.

இன்ஸ்பெக்டர் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பார்த்தார், பச்சைத் துணியைப் பார்த்தார், ரெட்டை முடிச்சைக்கூடப் பார்த்தார், உங்களிடம் வந்து வர்ணித்தார். அதைக் கேட்டுவிட்டு 'எதுவும் இல்லை' என்று எழுதினீர்களா? அவிழாத முடிச்சைப் பார்த்தால் நிதானமாக இருந்தவன் என்று எந்தப் போலீஸுக்கும் தெரியும் என்று எழுதியதும் நீங்கள்தானே. பிறகு மது வாடை எங்கிருந்து வந்தது?

நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சலவைக்கூட முதலாளி உங்களை வளைத்தார். அடுத்த மாதமே உங்களுக்கு மாற்றல் வந்தது. எட்டு வருஷமாகக் கேட்டும் கிடைக்காத மாற்றல், என் வீட்டுக்காரர் செத்த முப்பதாம் நாள் கிடைத்தது. கிளம்புகிற அன்று நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பா உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவள் தலையில் கையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது துக்கம் என்று நினைத்தேன். என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா?

என் நினைப்பு தப்பு என்றால் தப்பு என்று எழுதுங்கள். எழுத உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். எனக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை, அதைவிட மோசமாக ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதுகிற 'தங்கச்சிக்கு' என்ற வார்த்தையைக்கூட இரண்டு தடவை பார்க்கிறேன், இதிலும் ஏதாவது ஒளித்திருக்கிறீர்களா என்று.

ஜூன் 11.

தங்கை


மே 18

தங்கச்சிக்கு,

ஐந்து வாரம் எழுதவில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நாவலை முடித்துவிட்டேன். கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறானே தவிர வாயைத் திறக்கவில்லை அந்தப் பாவி. லாரிக்காரன் செத்தும் போகிறான். இனிமேல் சொன்னால் யாருக்கு நஷ்டம்? அப்போதும் மேஸ்திரியின் வீட்டைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறான். அந்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று ஒரு வரி. "சொல்லித் தொலையேன்டா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

காலை 9.20க்குச் சலவைக்கூடத்திலிருந்து அப்பா போன் செய்தார். "பெரியவனே, உடனே வா. யார்கிட்டயும் சொல்லாத" என்றார். பன்னிரண்டு நிமிஷத்தில் போனேன். சலவைக்கூடத்தில் மற்றவர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். உள்ளே டிரம் நின்றிருந்தது. மாப்பிள்ளை போய்விட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்பா சுவரோரம் நின்றார், கையில் குறடு.

டிரம்மின் மூடிக்கு ஒரு பூட்டு உண்டு. மூடியைத் திறந்தால் டிரம் நின்றுவிடும், டிரம் சுற்றினால் மூடி திறக்காது. அந்தப் பூட்டு பழுது. அடிக்கடி சிக்கிக்கொண்டு வேலை நிற்கும். பூட்டை மாற்றச் சொல்லி அப்பா மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார், முதலாளி வாங்கித் தரவில்லை. வேலை நின்றால் திட்டு மெக்கானிக்கான அப்பாவுக்குத்தான். அதனால் அந்தப் பூட்டைக் கம்பி போட்டு அமுக்கிக் கட்டிவைத்திருந்தார். அப்படிக் கட்டினால் மூடி திறந்திருந்தாலும் டிரம் சுற்றும். மாப்பிள்ளை திறந்த மூடிக்குள் ஒரு விரிப்பைச் சரிசெய்யக் கையை விட்டிருக்கிறார்.

யார் கட்டிய கம்பி என்று நான் கேட்கவில்லை. மூன்று முறுக்கு, முனை உள்பக்கம் மடக்கியது. நம் வீட்டு வாளிக் கைப்பிடி, குடைக் கம்பி, உன் பள்ளிக்கூடப் பெட்டி எல்லாவற்றிலும் இருந்த அதே முறுக்கு. அப்பா என்னைப் பார்த்தார். நான் குறட்டை வாங்கிக் கம்பியைக் கழற்றினேன். வைக்க இடம் இல்லை. தலைக்கு மேலே பலகையில் பச்சைத் துணி தெரிந்தது. முடிச்சை அவிழ்த்து, பெட்டியோடு கம்பியை வைத்துக் கட்டி, என் வண்டிப் பெட்டிக்குள் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்து மூடியை இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு என்று பார்த்து அந்தப் பூட்டு ஒழுங்காக வேலை செய்தது. "அப்ப சுத்துறப்ப மூடி எப்படிய்யா திறந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். "குடிச்சிருப்பாரு சார். பலமா இழுத்துத் திறந்திருப்பாரு" என்றேன். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். யாரும் சோதிக்கவில்லை. சொந்த மச்சானைப் பற்றி ஒருத்தன் பொய் சொல்வானா என்று நம்பிவிட்டார்கள். முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று.

முதலாளி என்னை வளைக்கவில்லை, நானும் அவர் பக்கம் போகவில்லை. மாற்றலுக்கு இன்ஸ்பெக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஊரில் இருக்க முடியவில்லை. அப்பாவை உன் வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். நீ அவருக்கு ஆறு வருஷம் உன் கையால் ஊட்டினாய். அதை எப்படி நான் கெடுப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா போன பிறகு அந்தச் சாக்கும் இல்லை. பிறகு வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

செத்தவர் மேல் பழி போட்டால் அவர் வந்து கேட்க மாட்டார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள், அவள் வளர்வாள் என்று நினைக்கவில்லை.

இதையெல்லாம் வாக்குமூலமாக எழுதி இன்று காலை 11.05க்கு மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். பூட்டை மாற்றச் சொல்லி அப்பா எழுதிக் கொடுத்ததும் அதில் இருக்கிறது. பிரதி இத்துடன். அவர் படித்துவிட்டு, "என்னய்யா இது, தூங்குற நாயைத் தட்டி எழுப்புற?" என்றார். மாலைக்குள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து உத்தரவு வந்துவிட்டது. விசாரணை நடக்கும்.

துணியையும் கம்பியையும் அதிகாரியிடம் காட்டினேன். விசாரணைக்குக் கூப்பிடும்போது கொண்டு வா என்று படம் மட்டும் எடுத்துக்கொண்டார். உனக்கு அனுப்புகிறேன், பத்திரமாக வை. பெட்டி என்னிடம் இருக்கிறது. சாப்பாட்டை அன்றைக்கு வழியில் கொட்டிவிட்டுக் கழுவினேன். அதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, மற்றதற்கெல்லாம் கேட்டுவிடலாம் போலிருக்கிறது.

நாவலையும் திருப்பி அனுப்புகிறேன். உன் சீட்டைப் பிரிக்கவில்லை. என் பெயர்தான் இருக்கும் என்று தெரியும். என் சீட்டையும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நீயே இரண்டையும் பிரித்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணனுக்கு,

முதலில் சீட்டைத்தான் பார்த்தேன். கம்பியைத் தொடக் கை வரவில்லை.

ஒட்டும்போது பசைக்குக் குறுக்கே என் நரைமுடி ஒன்றை வைத்து ஒட்டியிருந்தேன். நீ பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தால் முடி அறுந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முழுசாக இருந்தது. சந்தேகப்படுவது நம் வீட்டுச் சொத்து, என்ன பண்ண.

என் சீட்டில் உன் பெயர் இல்லை. 'அப்பா' என்று இருக்கிறது. நாவலை உனக்கு அனுப்புவதற்கு முன்பே எழுதியது.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவரே சொன்னார். ஆறு வருஷமாக வாய் திறந்து தண்ணீர்கூடக் கேட்காதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ள குடிக்கலம்மா. கம்பி போட்டது நான். பெரியவனுக்குத் தெரியும்" என்றார். அப்போதுதான் எனக்குக் கேட் ஞாபகம் வந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் கம்பி போட்டுக் கட்டுகிற மனுஷன், என் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கம்பியைத் தொட்டதில்லை. அந்தக் கேட்டைக் கட்டுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வயசானவருக்குச் சத்தம் ஆகவில்லை என்று நினைத்தேன்.

சொன்ன பிறகும் இரண்டு நாள் ஊட்டினேன். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. இப்போது நினைத்தால் கை கூசுகிறது. சில நாள் அழுகை வருகிறது, யாருக்காக என்று தெரியவில்லை.

அப்புறம் வாசலில் உன்னைக் கேட்டேன். "இன்னைக்கு அதுவா பேச்சு?" என்றாய். அப்பா சொன்னதை அப்போதே சொல்லி உன்னை மடக்கியிருக்கலாம். மடக்கியிருந்தால் ஆமாம் என்றிருப்பாய். பாப்பாவிடமும் நான் சொல்லவில்லை. சாகக் கிடந்த கிழவர் உளறினார் என்று அவள் தள்ளியிருப்பாள், ஆனால் நான் சொல்லாததற்கு அது முழுக் காரணம் இல்லை. யார் செய்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நீ எப்படிப்பட்டவன் என்றுதான் தெரியவில்லை. நானாகச் சொல்லாமல் நீயாக எழுதுகிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. முதலாளி கதை நான் கட்டியது. எழுதும்போதே பொய் என்று தெரியும், உன்னை உசுப்பத்தான் எழுதினேன். முதலாளியும் பதில் சொல்ல வேண்டிய நேரம் வருகிறது, அப்பா பூட்டு கேட்டு எழுதிக் கொடுத்தது பிரதியில் இருக்கிறது.

பிறகு பச்சைத் துணியை அவிழ்த்தேன். மூன்று முறுக்கு. முனை உள்பக்கம் மடக்கியிருந்தது, யார் கையிலும் குத்தக்கூடாது என்று. எவ்வளவு கவனம் பார் அந்த மனுஷனுக்கு.

பாப்பாவிடம் உன் வாக்குமூலத்தின் பிரதியைக் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து, "மாமா ஏம்மா இவ்வளவு நல்ல கையெழுத்துல இவ்வளவு பெரிய பொய்ய எழுதினாரு?" என்றாள். அதற்கு நீயே வந்து பதில் சொல். ஜூன் 11 வந்தது. அவள் எங்கும் கிளம்பவில்லை. நேற்று கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். எட்டிப் பார்த்தேன். பழைய இனிஷியலேதான். படம் நேராக இருக்கிறது, நான் தொடவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மெய்ப்பு பார்க்கிறவள், இல்லாததை ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

உன் சீட்டையும் பிரித்தேன். 'நான்' என்று எழுதியிருக்கிறாய். என் சீட்டில் அப்பா, உன் சீட்டில் நீ. இரண்டு பேர் எழுதியதும் சரி என்றால் பாத்திரம் யார் கழுவுவது? இப்போது வேலை வெட்டி இல்லாதவன் நீதான். வந்து கழுவு.

வரும்போது அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு வா. கேட்டுக்கு ஒரு கொக்கி வாங்கிக்கொண்டு வா. கம்பி வேண்டாம்.

தங்கச்சி